கோடு தாண்டலியே, வே?

முந்தாநாள் காலை என் மருமகள் பால்கனியில் இருக்கும் பூந்தொட்டிகளுக்குக் கேரு பூசினாள். கேரு என்றால் வேறொன்றுமில்லை, நம் ஊர்க் காவிக்கல்தான். இங்கே துளசித் தொட்டிக்கும் வாசல் கோலத்துக்கும் அதைப் பொடித்துக் கரைத்துப் பூசுகிறார்கள். ஒரு பழைய டப்பாவில் அவள் தண்ணீர் ஊற்றிக் கலக்கியதும் ஈர மண் வாசனை கிளம்பி ஹாலில் என் நாற்காலி வரைக்கும் வந்தது. அதுவரை பம்பாயை ஒட்டிய ஐரோலியில் ஏழாவது மாடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன், அடுத்த நிமிஷம் தாராவியில் குயவர்கள் குடியிருக்கும் கும்பார்வாடாவில் நின்றேன். பக்கத்தில் நீர் நிற்கிறீர். சட்டை இல்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் செக்கச்செவேல் என்று இருக்கிறீர்.

சிரித்துவிட்டேன், வே. மருமகள் டப்பாவும் கையுமாகத் திரும்பிப் பார்த்தாள். "க்யா ஹுவா, மாமா? தனியா சிரிக்கிறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். உம்மைப் பற்றி யாருக்கும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட முடியாது.

உம்மை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்பு. அதற்குப் பின்னாலேயே கோபம் வருகிறது. போன ஐப்பசியில், செம்பூர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடித்துக் கட்டிலில் சாய்ந்தவர், சாய்ந்தபடியே போய்விட்டீர். இத்தனை வருஷம் பழகியவனிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போவது என்ன மரியாதை? அந்தக் கோபத்தில் இத்தனை மாதமாக உமக்காக நான் ஒரு வரி எழுதவில்லை. இப்போது அந்த மண் வாசனைதான் என்னைச் சமாதானப்படுத்தி மேஜை முன்னால் உட்கார வைத்திருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. போன வாரம், இன்றைக்கு நான் வடை சுடுகிறேன் என்று வீம்பாக அடுப்படிக்குள் போனேன். எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் காசளவு கொப்புளம். மருமகள் களிம்பு போட்டு, என் வயசைச் சொல்லித் திட்டி, வெளியே அனுப்பினாள். கொப்புளத்தைப் பார்த்ததும் உம் ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்?

நமக்கு மீசை நன்றாகக் கறுத்திருந்த வயசு அது. அறுபதுகளின் கடைசி. நீர் தென்காசிப் பக்கம், நான் அம்பாசமுத்திரம் பக்கம். தாராவியில் நம் ஜில்லாக்காரர்கள் நிறைந்த சந்தில் ஒரே அறையில் குடியிருந்தோம். நான் சயான் பக்கத்தில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுகிறவன். "ஒம்ம வேலைக்குப் படிப்பு வேண்டாம்வே, நாக்குல எச்சி இருந்தாப் போதும்" என்பீர். நீரோ மாட்டுங்காவில் ஒரு பாலக்காட்டுக்காரர் ஹோட்டலில் வடை மாஸ்டர். வடை மட்டுமா, அந்த ஹோட்டலின் நாக்கே நீர்தான். சாம்பாரில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "உப்பு கம்மி" என்றோ "சரி" என்றோ தீர்ப்புச் சொல்வீர். முதலாளியே அந்தத் தீர்ப்புக்காகக் காத்து நிற்பார். உமக்கு அதில் எவ்வளவு தலைக்கனம் என்று எனக்குத் தெரியும்.

நல்ல மழைக்காலம். ஹோட்டல் அடுப்படியின் தகரக் கூரையில் ஒரு ஓட்டை. நீர் வடை போட்டுக்கொண்டிருக்கும்போது மேலிருந்து ஒரு சொட்டு மழைத் தண்ணீர் கொதிக்கிற எண்ணெயில் விழுந்து, சடசடவென்று வெடித்து, உம் இடது முழங்கைக்குக் கீழே ஒரு கை அகலத்துக்குத் தெறித்தது. "மேகத்துக்கு நம்ம வடை கேட்டிருக்குவே" என்று அன்றைக்கே அதையும் ஒரு கதையாக்கிவிட்டீர். வாழைத்தண்டுச் சாறு, தேங்காய் எண்ணெய் என்று எதையோ தடவினீர். புண் ஆறித் தோல் மூடிவிட்டது. நாம் இருவரும் அதை மறந்தே போனோம்.

ஆறின தழும்பைச் சுற்றி மறுபடி கொப்புளம் கிளம்பியபோது எண்ணெய் எதுவும் தெறித்திருக்கவில்லை. தண்ணீர் நிறைந்த கொப்புளங்கள். சட்டை பட்டாலே உடைந்து பச்சைப் புண்ணாகிவிடும். பிறகு மார்பில் ஒன்றிரண்டு. பிறகு முதுகில். எல்லாவற்றையும்விட மோசம், வாய்க்குள் புண். உடம்புச் சூடு என்று மோர் குடித்தீர். மோர் பட்டாலும் எரிந்தது. சாம்பார்ச் சொட்டை உள்ளங்கையில் விட்டுக்கொண்டு, நாக்கில் வைக்க முடியாமல் நின்றீராம். ஒரு நாள் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. வாடிக்கையாளர் ஒருத்தர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்கே வந்துவிட்டார். முதலாளி உம் கையைப் பார்த்தார். "சொகமான அப்பறம் வந்தாப் போறும் மாஸ்டர்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். நீர் அறைக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டீர். பேசாமல் இருக்கிற உம்மை அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிறவன் நான் ஒருத்தன்தான். ஆனால் உம் வியாதிக்குச் சந்தில் ஆளாளுக்கு ஒரு லேபிள் ஒட்டினார்கள். முதலில் அம்மை என்றார்கள். வாசலில் வேப்பிலை செருகி, அடுப்பில் தாளிக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டார்கள். ஆனால் உமக்குக் காய்ச்சல் இல்லை. அம்மையாக இருந்தால் இறங்கியிருக்க வேண்டிய காலமும் போய்விட்டது. அப்புறம் ஒருவர், "இது அக்கிதாம்வே, அக்கியேதான்" என்றார். அவ்வளவுதான், நீர் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டீர். அக்கிக்கு என்ன செய்ய வேண்டும் என்று நம் ஜில்லாவில் எல்லோருக்கும் தெரியும். குயவர் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் காவிக்கல்லைக் குழைத்து, கொப்புளம் வந்த இடத்தில் சிங்கமோ நாயோ எழுதிவிடுவார். அக்கி பயந்து ஓடிவிடும்.

"இங்கன நடந்து போற தூரத்துல நூறு குயவர் வீடு இருக்கு. நாம என்னத்துக்குப் படுத்துக் கெடக்கோம்?" என்றீர். வாய்ப்புண்ணோடு நீர் பேசின நீளமான பேச்சு அது.

"அவங்க குஜராத்திக்காரங்க. அவங்களுக்கு அக்கி எளுதத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"சவத்த விடும்வே. குயவர்னா குயவர்தான். மண்ணு எல்லாம் ஒண்ணுதானே?"

இந்தத் தர்க்கத்தை நம்பிக் கிளம்பினோம்.

கும்பார்வாடாவில் சூளைப் புகைக்கு நடுவில், பெரிய மீசை வைத்த ஒருவர் சக்கரத்தில் பானை வனைந்துகொண்டிருந்தார். எனக்கு உம்மைவிட இந்தி கொஞ்சம் அதிகம் தெரியும். ஆனால் நீர் என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போனீர். ஹோட்டலில் ஏக் பிளேட், தோ பிளேட் என்று கற்றுக்கொண்ட இந்தியில் அக்கி எழுதச் சொன்னீர்.

"பையா, அக்கி லிக்னா ஹை. அக்கி."

அவர் சக்கரத்தை நிறுத்தி உம்மை ஏற இறங்கப் பார்த்தார். "ஆக்கி?"

"ஹான், ஹான், அக்கி! இதர், இதர்!" கை, மார்பு, முதுகு என்று எல்லா இடத்தையும் தொட்டுக் காட்டினீர்.

"ஆக்கி பாடி?"

"ஹான் பையா, பாடி மே அக்கி!" என்று சொல்லிவிட்டு என்னைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தீர். "பாத்தீரா வே? பேரு சொன்னதும் மனுசன் புரிஞ்சுக்கிட்டாரு. தெரியாதுன்னீரே!"

அவருக்கும் நன்றாகத்தான் புரிந்தது. அவர் பாஷையில் ஆக்கி என்றால் முழுசு என்று நமக்குத்தான் அப்போது தெரியாது. உடம்பு முழுக்கப் பூசச் சொல்கிறான் போலிருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்த சமயம். இந்த மதராஸிகள் ஏதோ வேஷம் கட்டப் போகிறார்கள் என்று நினைத்தாராம். உள்ளே போய்ப் பெரிய சட்டி நிறையக் கேரு கரைத்துக்கொண்டு வந்தார். பழந்துணியை நனைத்து, பானைக்குப் பூசுகிற அதே பக்குவத்தோடு கழுத்திலிருந்து ஆரம்பித்தார். உடைந்த கொப்புளம் வந்த இடத்தில் எல்லாம் பாவம் ஒத்தி ஒத்திப் போனார். இடது கையில் அந்தப் பழைய தழும்புப் பக்கம் துணி போனதும் நீர் போட்ட கூச்சலில், பக்கத்துச் சூளையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர் பயந்துபோய் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, அதைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் இழுத்து நிறுத்தினார்.

"சிங்கத்தக் காணமே வே, சிங்கம் எளுதணுமே" என்று என் காதில் முனகினீர். நானும் என் பங்குக்கு, "பாயி, ஷேர் பனாவ்" என்றேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெள்ளைச் சுண்ணாம்பு எடுத்து, சிவந்த உம் மார்பின் நடுவில் ஒரு சிங்கம் போட்டார். வால் தூக்கி, கண் விரிந்து, வாய் நிறையச் சிரிக்கிற சிங்கம். பார்த்தால் பால் குடித்த பூனை மாதிரிதான் இருந்தது. வேலை முடிந்ததும் நமக்குச் சாயா வரவழைத்துக் கொடுத்துவிட்டு, அன்பாகக் கேட்டார்: "நாட்டக் கஹாங் ஹை?"

நாடகம் எங்கே நடக்கிறது என்று கேட்கிறார். நீர் என்னைப் பார்த்தீர். நான் உம்மைப் பார்த்தேன். அப்போதுதான் நமக்கு உறைத்தது. அந்த மனிதர் மேல் கோபப்படவும் முடியவில்லை. இவ்வளவு அக்கறையாக யார் பூசிவிடுவார்கள்? கிளம்பும்போது வேஷம் கலைந்தால் தொட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு கேருக் கட்டியை வேறு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

அந்தக் கோலத்தில் தாராவி வழியாக நடந்து வந்தோம். எந்தக் கோயில் ஊர்வலம் என்று கேட்டார்கள். ஒரு அம்மாள் உம்மைப் பார்த்துக் கும்பிட்டே விட்டாள். வாய் திறக்க முடியாத நீர், வலது கையைத் தூக்கி அவளுக்கு ஆசீர்வாதம் கொடுத்தீர். எனக்கு அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது. அவ்வளவு வலியிலும் கிடைத்த வேஷத்தை வீணாக்காத மனுஷன் நீர்.

மறுநாள் காலை அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. காய்ந்த கேரு தோலை இழுத்தது. நீர் புரண்டு படுத்த இடத்தில் தோல் நனைந்த காகிதம் மாதிரி பாயோடு வந்துவிட்டது. அந்த வட்டத்தைத் தாண்டி, பூசின காவியையும் தூக்கிக்கொண்டு புதிதாகக் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. கஞ்சித் தண்ணீர்கூட உமக்குள் இறங்கவில்லை. இடுப்பு வேட்டி நிற்காமல் நழுவியது. "வே, இனிமே நான் வடை திங்கப்போறதில்ல போல" என்றீர். நீர் வடையைப் பற்றிப் பேசவில்லை என்று எனக்குப் புரிந்தது. பயந்துபோனேன். பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும் என்று உமக்குத் தெரியுமே. உம்மைத் திட்டிக்கொண்டே டாக்ஸி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

தோல் வியாதிப் பிரிவில் இருந்த லேடி டாக்டர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ் அம்மாள். திரையை விலக்கி உம்மைப் பார்த்தவர் இரண்டு அடி பின்னால் போனார். "யாரு இவரை இப்படிச் செகப்பு அடிச்சுக் கூட்டிண்டு வந்தது? எந்த டிராமாவுல வேஷம்?" என்றார். இரண்டு நாளில் இரண்டாவது ஆள் அதே கேள்வி கேட்கிறார். நீர் அந்த நிலைமையிலும் சிரித்தீர். சிரித்ததும் வாய் வலித்து அழுதீர்.

நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். எண்ணெய் தெறித்த கதை வந்ததும் சிரிப்பு போய், உம் இடது கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். "இந்த வட்டம் எப்போ போட்டது?"

"நேத்து மத்தியானம், டாக்டரம்மா."

"அப்போ காவியைத் தூக்கிண்டு நிக்கறதெல்லாம் நேத்து மத்தியானத்துக்கு அப்பறம் வந்தது. பாருங்கோ, சுட்ட எடத்துலேருந்து எப்படிப் பரவறதுன்னு அழகா எழுதியே கொடுத்திருக்கார் உங்க குயவர்." தோலில் ஒரு துணுக்கு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். வெதுவெதுப்பான தண்ணீரால் நர்சுகள் உம்மைக் கழுவினார்கள். சிங்கம்தான் கடைசியாகப் போனது.

வியாதியின் பெயர் பெம்ஃபிகஸ் என்றார். "பம்பாய் கேஸா?" என்றீர் நீர். அன்றிலிருந்து நம் இருவருக்கும் அது பம்பாய் கேஸ்தான்.

அது அம்மையும் இல்லை, அக்கியும் இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று சொல்லி, டாக்டரம்மா நமக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். "ஒடம்புக்குள்ள வாட்ச்மேன் ஒருத்தன் இருக்கான். வெளியிலேருந்து கிருமி வந்தா அடிச்சு வெரட்டறது அவன் வேலை. இவரோட வாட்ச்மேன் வீட்டுக்காரனையே திருடன்னு நெனச்சுண்டு அடிக்கறான். இவர் தோலையே."

"எண்ணெ பட்டதுனால வந்ததா டாக்டரம்மா?" என்று கேட்டீர்.

"இருக்கலாம். தோல் வெந்து கிழிஞ்சப்போ உள்ள இருந்ததெல்லாம் வெளியில தெரிஞ்சு வாட்ச்மேன் கொழம்பியிருக்கலாம். சில பேருக்கு அப்படி ஆறது. ஆனா சூடு பட்ட எல்லாருக்கும் வரதில்லையே? உங்க ஒடம்புல முன்னாடியே ஏதோ தயாரா இருந்திருக்கணும். ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வந்ததால நமக்கு அப்படித் தோணவும் தோணலாம். இருக்கலாம்னுதான் என்னால சொல்ல முடியும்."

"இந்த வியாதி வந்தா என்ன ஆகும்?" என்றேன் நான்.

அம்மாள், "மாத்திரை வராத காலத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"போய்ச் சேந்துருவான், அப்படித்தானே?" என்று முடித்து வைத்தீர் நீர்.

"இப்போ மாத்திரை இருக்கு. வாயை மூடிண்டு சாப்பிடுங்கோ," என்றார். பிறகு அவரே, "வாயைத் தெறந்துதான் சாப்பிடணும்," என்று திருத்திக்கொண்டார்.

படுக்கை விரிப்பு ஒட்டாமல் இருக்க வாழை இலையில் உம்மைப் படுக்க வைத்தார்கள். மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து இலைக்கட்டு வாங்கிக் கொண்டுவருவது என் வேலை. எண்ணெய் தடவின நல்ல தலைவாழை இலையில் குப்புறக் கிடந்துகொண்டு நீர் சொன்னதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்: "இத்தன வருசம் இலையில பரிமாறுனேன். இப்பம் என்னையே பரிமாறிட்டாங்க வே." ஸ்டீராய்டு மாத்திரை மெதுவாக வேலை செய்தது. ஆனாலும் நான் அதை நம்பாமல்தான் வந்து போய்க்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் நான் போனபோது நீர் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தீர். ஒரு வாய் உள்ளே இழுத்து, நாக்கை அண்ணத்தில் தட்டி, என்னை முறைத்தீர்.

"உப்பு கம்மிவே."

வராந்தாவுக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீர் பிழைத்துவிட்டீர் என்று எந்த ரிப்போர்ட்டும் சொல்வதற்கு முன்னால் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மாத்திரைக்காக உப்பைக் குறைத்தே போடச் சொல்லியிருக்கிறோம் என்று டாக்டரம்மா சொல்ல, உப்பில்லாத கஞ்சி மனுஷன் குடிப்பதா என்று அவரோடு நீர் சண்டை போட்டதை அந்த வார்டே வேடிக்கை பார்த்தது.

வெளியே வந்தபோது உம் முகம் பூரி மாதிரி உப்பியிருந்தது. மாத்திரையால் பசி வேறு. அறையில் இருந்த என் பங்கு சோறும் காணாமல் போகும். கொப்புளம் அடங்கிவிட்டது. ஆனால் ஹோட்டல் முதலாளிக்குப் பயம் அடங்கவில்லை. உம்மைப் பின்கட்டில் உளுந்து நனைக்கவும் தேங்காய் உடைக்கவும் வைத்தார். டாக்டர் சீட்டைக் காட்டினோம். "எனக்குப் புரியறது, வரவாளுக்குப் புரியணுமே" என்றார். அதுவும் நியாயம்தான். வடைச் சட்டியைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நீர் நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பொறுக்கவில்லை.

சூடு இன்னொரு தரம் படக் கூடாது, சிராய்ப்புக்கூடக் கூடாது என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். காயம் பட்ட இடத்தில் வாட்ச்மேனுக்கு மறுபடி புத்தி கெடலாம். அதற்காகத் தாராவியில் தோல் தைக்கிற நம் ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்து, முழங்கைக்கு மேல் வரைக்கும் ஒரு ஜோடி உறை தைத்தோம். உள்ளே பருத்தித் துணி, வெளியே மெல்லிய ஆட்டுத்தோல். "எந்தோலு சரியில்லன்னு ஆட்டுக்கிட்ட கடன் வாங்கியிருக்கேன்" என்று எல்லோரிடமும் மாட்டிக் காட்டினீர். அதை மாட்டிக்கொண்டு வடை போட ஒரு சட்டிதான் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஹோட்டல் நிரம்பி வழிகிற நேரத்தில், டாக்டரம்மா வந்தார். நீர் கூப்பிட்டிருந்தீரா, அவராக வந்தாரா, எனக்குக் கடைசி வரைக்கும் நீர் சொல்லவே இல்லை. நடு மேஜையில் உட்கார்ந்து, கல்லா வரைக்கும் கேட்கிற மாதிரி, "வடை. ஆனா பழைய மாஸ்டர் கையால போட்டதுதான் வேணும். நான்தான் அவருக்கு வைத்தியம் பாத்த டாக்டர்" என்றார். மாட்டுங்காவில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தோல் உறை போட்ட உம் கைகள் அடுப்படி ஜன்னலில் சட்டிக்கு மேலே தெரிந்தன. நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

அம்மாள் வடையைப் பிய்த்து வாயில் போட்டு நிதானமாக மென்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். "மாஸ்டர், உப்பு ஜாஸ்தியோ?"

உப்பில்லாமல் மாதக்கணக்கில் ஏங்கிக் கிடந்த நாக்கு, வேறு என்ன செய்யும்? நீர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அவருடைய குரலிலேயே சொன்னீர்: "இருக்கலாம், டாக்டரம்மா."

அம்மாள் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. பக்கத்து மேஜையில் இருந்தவர் தனக்கும் ஒரு பிளேட் வடை என்றார். பிறகு முதலாளிக்கு உம்மைப் பின்கட்டுக்கு அனுப்பவே நேரம் இல்லை.

அந்த "இருக்கலாம்" அதற்குப் பிறகு உம்மை விட்டுப் போகவே இல்லை. உமக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பொண்ணு பிடிச்சிருக்கா என்று கேட்டேன். இருக்கலாம் என்றீர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போதைய டாக்டர்களும், காயம், சூடு, ஆபரேஷன் இதெல்லாம் சிலருக்கு இந்த வியாதியைக் கிளப்பிவிடலாம் என்றுதான் சொல்கிறார்கள். இன்னும் "லாம்" போட்டுத்தான் பேசுகிறார்கள், வே. கேட்டால் நீர் எவ்வளவு சந்தோஷப்படுவீர்!

அந்தக் குயவர் கொடுத்த கேருக் கட்டியை நீர் தூக்கிப் போடவில்லை. எங்கே கீறல் விழுந்தாலும், சவரத்தில் வெட்டினாலும், அதைச் சுற்றிக் கேருவால் ஒரு வட்டம். அந்தக் கோட்டைத் தாண்டிக் கொப்புளம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வராவிட்டால் நிம்மதி. பேனாவால் போட்டாலே போதும் என்று டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார். நீர் கேட்டீரா? செம்பூருக்குக் குடிபோனபோதும் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கட்டிதான் இருந்தது. நான் வேறு பக்கம் மாறிப் போனேன். முதலில் தபால் கார்டில், அப்புறம் தெருமுனை போன் பூத்தில், கடைசியில் மொபைலில் என்று ஆயுசு முழுக்க நான் உம்மிடம் கேட்ட முதல் கேள்வி ஒன்றேதான்.

"கோடு தாண்டலியே, வே?"

"தாண்டல. நீரு சாப்பிட்டீரா?"

நடுவில் சில தடவை தாண்டியிருக்கிறது. அப்போதெல்லாம் மாத்திரை கூடும், முகம் பூரியாகும், நான் இலைக்கட்டோடு வருவேன். ஆனால் கடைசியில் உம்மைக் கொண்டுபோனது உம் தோல் இல்லை, மூப்புதான். நீராட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். இடது கையில் அந்தப் பழைய தழும்பைத் தவிர உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. நாம் ஜெயித்துவிட்டோம் என்று உம்மிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

முந்தாநாள் மருமகள் தொட்டிகளை முடித்துவிட்டுக் கைகழுவப் போனபோது, டப்பாவின் அடியில் மிச்சமிருந்த கேருவை விரலால் தொட்டு, என் மணிக்கட்டில் எண்ணெய்ப் புண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டேன். எனக்கு அந்த வியாதி கிடையாது. சும்மா. பக்கத்தில் ஒரு சிங்கம் போடப் பார்த்தேன். கும்பார்வாடா சிங்கத்தைவிடக் கேவலமாக வந்தது, அழித்துவிட்டேன். அவள் வந்து பார்த்தாள். வட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். வாரா வாரம் நாம் ஸ்பீக்கரில் கத்திப் பேசிக்கொண்டதை எல்லாம் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள்தானே.

இன்று காலை காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தாதரில் பிறந்த பெண், அவள் தமிழில் பாதி இந்தி. ஆனால் இதை மட்டும் நம் பாஷையில், என்னை மாதிரியே இழுத்துக் கேட்டாள்.

"கோடு தாண்டலியே, மாமா?"

"தாண்டல. நீ சாப்பிட்டியாம்மா?" என்றேன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, வே. இத்தனை வருஷமும் கேள்வி மட்டும்தான் என்னுடையது. இந்தப் பதில் உம்முடையது.